தேரை இழுத்தால் தேரும் நம்மை இழுக்கிறது, பிறகு எப்படி நகர்கிறது?

பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "நியூட்டனின் மூன்று விதிகளும் மனப்பாடம். அப்படியே எழுதினால் மார்க்கும் வருகிறது. ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்றால், நாம் தேரை இழுக்கும்போது தேரும் நம்மை அதே அளவு இழுக்குமே? இரண்டும் அடிபட்டுப் போனால் தேர் எப்படி நகரும்? கணக்கு செய்யும்போதும் எந்த விசையை எங்கே போடுவது என்று குழப்பமாக இருக்கிறது."

இந்தச் சந்தேகம் வராத மாணவர்களைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும், தம்பி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு விசைகளும் அடிபடாது. ஏனென்றால் அவை ஒரே பொருளின் மேல் இல்லை. நீங்கள் இழுப்பது தேரின் மேல் விழுகிறது. தேர் இழுப்பது உங்கள் மேல் விழுகிறது. தேர் நகருமா என்று பார்க்க, தேரின் மேல் விழும் விசைகளை மட்டும்தான் கூட்டிக் கழிக்க வேண்டும். என் கணக்கில் வந்த வரவையும் உங்கள் கணக்கில் போன செலவையும் ஒரே பாஸ்புக்கில் எழுதிக் கழித்தால் எப்படி இருக்கும்? அந்தத் தப்புதான் இங்கே நடக்கிறது. விசைக் கணக்கில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை, 'யார் மேல்?' என்று கேட்காமல் விசையைப் பற்றிப் பேசுவதால் வருபவை.

தேர் என்று நீங்களே சொன்னதால் திருவாரூர் ஆழித்தேரையே எடுத்துக்கொள்வோம். அலங்காரத்தோடு 96 அடி உயரம், எடை சுமார் 300 டன். ஒரு தாளில் தேர், வடம், இழுக்கும் ஆட்கள், தரை என்று நான்கையும் தனித்தனியாக வரையுங்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், நடுவில் இடம் விட்டு வரைவது முக்கியம்.

முதலில் தேர். அதன்மேல் என்னென்ன விசை? வடம் முன்னால் இழுக்கிறது. பின்னாலிருந்து புல்டோசர் தள்ளினால் அதுவும் முன்னோக்கி. சாலை, சக்கரத்தைப் பின்னோக்கிப் பிடிக்கிறது. கீழ்நோக்கி எடை, மேல்நோக்கித் தரை தாங்கும் விசை. இந்த இரண்டும் சமம் என்பதால் மேலும் கீழும் கவலை இல்லை. முன்னோக்கி இருப்பது பின்னோக்கி இருப்பதைவிட அதிகமானால் தேர் அசைகிறது. அவ்வளவுதான். இந்தப் படத்தில் 'தேர் ஆட்களை இழுக்கும் விசை' என்று எதுவும் இல்லை, கவனித்தீர்களா?

அடுத்து இழுக்கும் ஆட்கள். வடம் அவர்களைப் பின்னோக்கி இழுக்கிறது. நீங்கள் தேடிய எதிர்விசை இதோ இங்கே இருக்கிறது. அப்படியானால் அவர்கள் ஏன் பின்னால் போய் விழுவதில்லை? அவர்கள் காலை ஊன்றித் தரையைப் பின்னோக்கி உதைக்கிறார்கள். தரை அவர்களை முன்னோக்கித் தள்ளுகிறது. தேரை இழுப்பவருக்குப் பலம் கையில் இருந்தாலும், அந்தப் பலத்துக்கு எல்லை போடுவது கால். 60 கிலோ ஆள் ஒருவரின் எடை சுமார் 590 நியூட்டன். பாதத்துக்கும் தார்ச்சாலைக்கும் உராய்வுக் கெழு (எடையில் எத்தனை பங்கு வரை உராய்வு தாங்கும் என்று சொல்லும் எண்) 0.6 என்று வைத்துக்கொண்டால், கால் வழுக்காமல் அவர் கிடைமட்டமாக இழுக்கக்கூடியது அதிகபட்சம் 350 நியூட்டன். பயில்வானாகவே இருந்தாலும் அதற்கு மேல் இழுத்தால் கால் சறுக்கிவிடும். சாலையில் எண்ணெய் கொட்டியிருந்தால் ஆயிரம் பேர் நின்றும் பிரயோசனம் இல்லை.

கயிறு இழுக்கும் போட்டியிலும் இதே கதைதான். 'ஜெயித்த அணி அதிக விசையோடு இழுத்தது' என்று எழுதினால் தவறு. கயிற்றின் நிறையைப் பொருட்படுத்தாவிட்டால், தோற்கும் அணி கயிற்றை இழுக்கும் விசையும் ஜெயிக்கும் அணி இழுக்கும் விசையும் எப்போதும் சமம், தோற்றுக்கொண்டிருக்கும்போதும் சமம். வித்தியாசம் தரையில் இருக்கிறது. எந்த அணி தரையை அதிகமாக உதைக்கிறதோ அது ஜெயிக்கிறது. கனமான ஆட்களைக் கடைசியில் நிறுத்துவதும், குதிகாலை மண்ணில் புதைத்துச் சாய்ந்து நிற்பதும் அதற்காகத்தான்.

தேரை நிலையிலிருந்து கிளப்புவதுதான் பெரும்பாடு. நகர ஆரம்பித்த பிறகு அவ்வளவு கஷ்டம் இல்லை. நின்ற பொருளைக் கிளப்பும்போது தாண்ட வேண்டிய நிலை உராய்வின் உச்சம், நகரும்போது இருக்கும் தடையைவிட அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், 300 டன்னின் வேகத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து உயர்த்த வேண்டியிருப்பது. ஓடிக்கொண்டிருக்கும்போது வேகம் மாறாமல் இருந்தால் போதும். தடையை ஈடுகட்டினாலே சரி.

கிளப்புவதைவிட நிறுத்துவதுதான் ஆபத்தான வேலை. தேர் நொடிக்கு அரை மீட்டர், அதாவது நாம் மெதுவாக நடப்பதைவிடவும் குறைவான வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறை 3,00,000 கிலோகிராம். நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் உந்தம் 1,50,000 கி.கி.மீ/வி. ஒரு டன் எடையுள்ள காருக்கு இதே உந்தம் வேண்டுமென்றால் அது மணிக்கு 540 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும்! இந்தத் தேரை 2 நொடியில் நிறுத்த, 1,50,000-ஐ 2-ஆல் வகுத்தால், பின்னோக்கி 75,000 நியூட்டன் தேவை. ஏழரை டன் பாரத்தைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமமான விசை அது. மனிதக் கை கொடுக்கக்கூடியதல்ல. அதனால்தான் சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை போடுகிறார்கள். சக்கரம் ஆப்பு மாதிரி சரிந்த கட்டையின் மேல் ஏறப் பார்க்கிறது. கட்டையை முன்னோக்கி அழுத்துகிறது. கட்டை அதே அளவு சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. மூன்றாம் விதியே பிரேக் போடுகிறது என்று சொல்லலாம். இப்போது அந்தத் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. வீதி முனையில் திருப்பும்போது இரும்புத் தகடு போட்டுக் கிரீஸ் தடவுவார்கள். அங்கே மட்டும் உராய்வு குறைந்தால்தான் சக்கரம் பக்கவாட்டில் சறுக்கித் திரும்பும். ஒரே தேர், ஒரே நாள். ஆளின் காலடியில் உராய்வு வேண்டும், சக்கரத்தடியில் ஒரு நேரம் வேண்டும், ஒரு நேரம் வேண்டாம்.

சரி, மூன்றாம் விதிக்குத் திரும்புவோம். இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. மேஜை மேல் ஒரு புத்தகம் இருக்கிறது. பூமி அதைக் கீழே இழுக்கிறது, மேஜை அதை மேலே தாங்குகிறது. இரண்டும் சமம், எதிர்த்திசை. இவைதான் செயலும் எதிர்ச்செயலுமா? பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். இல்லை. இரண்டும் ஒரே புத்தகத்தின் மேல் இருக்கின்றன, அதனால் ஜோடியாக இருக்க முடியாது. ஜோடியைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு: வாக்கியத்தில் இருக்கும் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றுங்கள். 'பூமி புத்தகத்தை இழுக்கிறது' என்பதன் ஜோடி 'புத்தகம் பூமியை இழுக்கிறது.' 'மேஜை புத்தகத்தைத் தாங்கித் தள்ளுகிறது' என்பதன் ஜோடி 'புத்தகம் மேஜையை அழுத்துகிறது.' ஜோடியில் இரண்டும் ஒரே வகை விசையாகவும் இருக்கும். ஒன்று ஈர்ப்பு என்றால் மற்றதும் ஈர்ப்பு. ஒன்று முதலில் வந்து, மற்றது பதிலுக்கு வருவதும் இல்லை. இரண்டும் ஒரே கணத்தில் தோன்றி ஒரே கணத்தில் மறைகின்றன.

அப்படியானால் மேஜைப் புத்தகத்தில் எடையும் தாங்கும் விசையும் ஏன் சமமாக இருக்கின்றன? புத்தகத்துக்கு முடுக்கம் இல்லை என்பதால், அதாவது இரண்டாம் விதியால் (விசை = நிறை × முடுக்கம்). முடுக்கம் வந்தால் அந்தச் சமம் உடனே உடைந்துவிடும். 50 கிலோ எடையுள்ள நீங்கள் லிஃப்டில் எடை பார்க்கும் மெஷின் மேல் நிற்கிறீர்கள். லிஃப்ட் நிற்கும்போது மெஷின் உங்களைத் தாங்கும் விசை 50 × 9.8 = 490 நியூட்டன். லிஃப்ட் மேல்நோக்கி 1.2 மீ/வி² முடுக்கத்தோடு கிளம்பும்போது மெஷின் உங்களைத் தாங்குவதோடு முடுக்கவும் வேண்டும்: 50 × (9.8 + 1.2) = 550 நியூட்டன். பூமி இழுப்பது இன்னும் 490-தான். தாங்கும் விசையும் எடையும் இப்போது சமமில்லை. ஆனால் மெஷின் உங்களைத் தள்ளுவது 550 என்றால் நீங்கள் மெஷினை அழுத்துவதும் 550-தான். மூன்றாம் விதி எந்த நிலையிலும் உடையாது. மேலே ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது மறுபடியும் 490-க்கு வந்துவிடும். கிளம்பும்போதும் நிற்கும்போதும் மட்டும் வயிற்றில் ஏதோ செய்கிறதே, அதற்கு இதுதான் காரணம்.

மூன்றாம் விதியில் பெரிய ஆட்களும் தடுமாறியிருக்கிறார்கள். அமெரிக்க ராக்கெட் முன்னோடி ராபர்ட் காடர்ட், ராக்கெட்டால் சந்திரன் வரை போகலாம் என்றபோது, 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதி அவரைக் கிண்டல் செய்தது. காற்றே இல்லாத இடத்தில் ராக்கெட் எதை உதைத்து முன்னேறும், பள்ளிக்கூடப் பாடம்கூடத் தெரியாதா என்ற பாணியில் இருந்தது அது. அப்போலோ 11 சந்திரனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 1969 ஜூலை 17 அன்று அதே பத்திரிகை வருத்தம் தெரிவித்துத் திருத்தம் வெளியிட்டது. காடர்ட் இறந்து அப்போது ஏறக்குறைய 24 வருடம் ஆகியிருந்தது. ராக்கெட் உதைப்பது காற்றை அல்ல, தன்னுள்ளேயிருந்து வெளியேறும் வாயுவை. ராக்கெட் வாயுவைக் கீழே தள்ளுகிறது, வாயு ராக்கெட்டை மேலே தள்ளுகிறது. பெயரை இடம் மாற்றிப் பார்க்கத் தெரிந்திருந்தால் அந்தத் தலையங்கமே வந்திருக்காது. காற்று உண்மையில் ராக்கெட்டுக்கு இடைஞ்சல்தான்.

ஆனால் வெறும் உதை போதாது, எடையைத் தாண்ட வேண்டும். 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3-ஐத் தூக்கிச் சென்ற எல்விஎம்3 ராக்கெட் புறப்படும்போது சுமார் 640 டன். அதன் எடை ஏறக்குறைய 63 லட்சம் நியூட்டன். வாயு தள்ளும் விசை அதைவிடக் குறைவாக இருந்தால் புகைதான் வரும், ராக்கெட் அசையாது. தேருக்குச் சொன்ன கணக்கைக் குத்துக்கோட்டில் போட்டால் இதுதான்.

அடுத்து முதல் விதி. 'விசை இருந்தால்தான் இயக்கம் இருக்கும்' என்று நம் உடம்பே நம்மை நம்பவைத்திருக்கிறது. சைக்கிள் மிதிப்பதை நிறுத்தினால் நின்றுவிடுகிறது, தள்ளாத வண்டி ஓடுவதில்லை. அரிஸ்டாட்டிலும் அப்படித்தான் சொன்னார், இரண்டாயிரம் வருடம் பெரும்பாலோர் அதையே சொன்னார்கள். இதை உடைத்தவர் கலிலியோ. உருண்டையைச் சரிவில் உருட்டிவிட்டால் எதிர்ச்சரிவில் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறுகிறது. எதிர்ச்சரிவைச் சாய்க்கச் சாய்க்க, அந்த உயரத்தைத் தொட அது இன்னும் தூரம் ஓட வேண்டியிருக்கிறது. எதிர்ச்சரிவே இல்லாமல் சமதளமாக்கிவிட்டால்? உயரத்தைத் தொட வழியே இல்லை, உராய்வும் இல்லையென்றால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நியூட்டன் 1687-ல் எழுதியபோது இதை முதல் விதியாக வைத்தார்.

வீட்டில் கேரம் போர்டு இருந்தால் செய்து பாருங்கள். பவுடர் போடாமல் ஸ்ட்ரைக்கரை ஒரு சுண்டு சுண்டுங்கள். பிறகு பவுடர் தூவித் தேய்த்துவிட்டு அதே அளவு சுண்டுங்கள். விரல் ஸ்ட்ரைக்கரைத் தொட்டது இரண்டு முறையும் ஒரு கணம்தான். பவுடர் போட்டபோது எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வருகிறது. பவுடர் அதைத் தள்ளவில்லை, நிறுத்த வந்த விசையைக் குறைத்தது. நிறுத்தும் விசையே ஏறக்குறைய இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு வாயேஜர் 1 இருக்கிறது. 1977-ல் ஏவியது, இப்போது நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனை விட்டு விலகிப் போகிறது. அதை முன்னோக்கித் தள்ள எந்த எஞ்சினும் ஓடவில்லை. சூரியனின் ஈர்ப்பு மிக மெல்லப் பின்னுக்கு இழுக்கிறது, அவ்வளவே.

இங்கேதான் தேர்வில் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஒரு கேள்வி வருகிறது. பந்தை நேர் மேலே எறிகிறோம். கையை விட்ட பிறகு, மேலே போய்க்கொண்டிருக்கும் பந்தின் மேல் என்னென்ன விசை? 'கை கொடுத்த விசை மேல்நோக்கி, ஈர்ப்பு கீழ்நோக்கி' என்று எழுதினால் தவறு. கை, பந்தைத் தொடும்வரைதான் விசை கொடுக்கும். விட்ட பிறகு பந்திடம் இருப்பது திசைவேகமும் உந்தமும். அவை விசை அல்ல. காற்றை மறந்துவிட்டால் போகும்போதும், உச்சியிலும், வரும்போதும் பந்தின் மேல் ஒரே ஒரு விசை: கீழ்நோக்கிய எடை. உச்சியில் முடுக்கம் என்ன என்று கேட்டால் பூஜ்ஜியம் என்று சொல்லிவிடாதீர்கள். திசைவேகம்தான் அந்தக் கணத்தில் பூஜ்ஜியம். முடுக்கம் அப்போதும் 9.8 மீ/வி², கீழ்நோக்கி. அதுவும் பூஜ்ஜியமாக இருந்தால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்குமே?

பஸ் பிரேக் போடும்போது நாம் முன்னால் சாய்கிறோம். நம்மை முன்னால் தள்ளியது எது? எதுவும் இல்லை. பஸ்ஸின் வேகம் குறைந்தது. தரையோடு ஒட்டியிருந்த நம் பாதத்தின் வேகமும் அதோடு குறைந்தது. மேல் உடம்புக்கு யாரும் பிரேக் போடவில்லை, அது பழைய வேகத்திலேயே போகிறது. சாலையோரம் நிற்பவர் கண்ணோடு பார்த்தால் இது சட்டென்று புரியும். பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் ஏதோ ஒரு மாய விசை தள்ளியது போலத்தான் இருக்கும். பள்ளிக் கணக்கு எல்லாவற்றையும் சாலையோர ஆளின் கண்ணோடு பார்த்துச் செய்வது நல்லது.

இரண்டாம் விதியை F = ma என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். 'உந்தம் எவ்வளவு மாறுகிறது, எவ்வளவு நேரத்தில் மாறுகிறது' என்று படித்தால் அது இன்னும் நிறைய இடங்களில் கைகொடுக்கும். நியூட்டனும் உந்த மாற்றத்தை வைத்துத்தான் சொன்னார். கார் ஒன்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுகிறது. அது நொடிக்கு 13.9 மீட்டர். உள்ளே 60 கிலோ ஆள். அவர் உந்தம் சுமார் 830. எப்படி நின்றாலும் இந்த 830 பூஜ்ஜியமாகியே தீர வேண்டும், அதில் பேரம் கிடையாது. எவ்வளவு நேரத்தில், எவ்வளவு தூரத்தில் என்பதில்தான் பேரம். சீட் பெல்ட் பிடித்து, காரின் முன்பகுதியும் நசுங்கிக்கொடுத்து, அவர் அரை மீட்டரில் நின்றால் சராசரி விசை சுமார் 11,600 நியூட்டன். அவர் எடையைப் போல 20 மடங்கு. வலிக்கும், விலா எலும்பு முறியலாம், ஆனால் பிழைக்க வழி உண்டு. பெல்ட் இல்லாமல் போய் டேஷ்போர்டில் மோதி 5 சென்டிமீட்டரில் நின்றால் பத்து மடங்கு, 1,16,000 நியூட்டன். வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் 1959-ல் கொடுத்த மூன்று முனை பெல்ட் செய்வது, அந்த விசையைக் குறைப்பதோடு, தோளுக்கும் மார்புக்கும் இடுப்புக்கும் பரப்பிவிடுவதும்தான். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் நசுங்குவதும் இதற்காகவே. ஒருமுறை பலமாக அடிபட்டு நசுங்கிவிட்ட ஹெல்மெட்டை, வெளி ஓடு பளபளவென்று இருக்கிறதே என்று திரும்பவும் போடக் கூடாது. கிரிக்கெட்டில் கேட்ச் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பதைப் பாடப்புத்தகமே சொல்லிவிடுகிறது, அதை நான் திரும்பச் சொல்லவில்லை.

கூடவே ஒரு கணக்கு, வண்டி ஓட்டப் போகும் வயதில் இருப்பதால் சொல்கிறேன். நல்ல சாலையில் பிரேக் முழுதாகப் பிடித்தால் எதிர்முடுக்கம் 7 மீ/வி² என்று வைத்துக்கொள்வோம். நிற்கும் தூரம், வேகத்தின் வர்க்கத்தை 2 × 7-ஆல் வகுத்தது. மணிக்கு 40 கிலோமீட்டரில் 9 மீட்டர். 80-ல் 18 அல்ல, 35 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் போக ஒரு நொடி ஆகும் என்று சேர்த்தால் 20 மீட்டரும் 57 மீட்டரும். வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்கு என்பதை பைக் விளம்பரங்கள் சொல்வதில்லை. இதில் நிறை எங்கே என்று தேடினால் காணாது. கனம் அதிகமானால் நிறுத்தத் தேவையான விசை அதிகம், கூடவே டயர் தரையை அழுத்தும் விசையும் அதே விகிதத்தில் அதிகம். நிறை அடிபட்டுப் போகிறது. பிரேக்குகள் தாங்கும்வரைதான் இது உண்மை. அதிக பாரம் ஏற்றிய லாரிக்கு அங்கேதான் சிக்கல்.

நிறை, எடை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிறை உங்களிடம் இருக்கும் பொருளின் அளவு, கிலோகிராமில். எடை உங்களைக் கோள் இழுக்கும் விசை, நியூட்டனில். சந்திரனில் ஈர்ப்பு முடுக்கம் 1.62 என்பதால் எடை ஆறில் ஒரு பங்கு, நிறை அதேதான். கனமானது சீக்கிரம் விழும் என்று இன்னும் நம்புபவர்களுக்கு, 1971-ல் அப்போலோ 15 வீரர் டேவிட் ஸ்காட் சந்திரனில் சுத்தியலையும் வல்லூறு (ஃபால்கன்) பறவையின் இறகையும் ஒன்றாக விட்ட வீடியோவைக் காட்டுங்கள். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொடும். ஒன்றே ஒன்று எச்சரிக்கை: விண்வெளி நிலையத்தில் மிதப்பவர்களைப் பார்த்து 'அங்கே ஈர்ப்பு இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். அது 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. அங்கே ஈர்ப்பு முடுக்கம் சுமார் 8.7, நம் தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம். நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள், பக்கவாட்டு வேகம் அதிகம் என்பதால் பூமியைத் தவறவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். லிஃப்ட் கயிறு அறுந்தால் மெஷின் பூஜ்ஜியம் காட்டுமே, அந்த நிலைதான்.

கணக்கில் எந்த விசையை எங்கே போடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒன்றைச் செய்து காட்டுகிறேன். 2000 கிலோ டிராக்டர், கரும்பு ஏற்றிய 3000 கிலோ டிரெய்லரை இழுக்கிறது. தரை டிராக்டரை முன்னோக்கித் தள்ளுவது 6000 நியூட்டன். டிரெய்லருக்குத் தரை தரும் தடை 1000 நியூட்டன். டிராக்டரின் தடையை விட்டுவிடலாம். முடுக்கம் என்ன? இரண்டையும் இணைக்கும் கொக்கியில் விசை என்ன?

முதலில் டிராக்டரையும் டிரெய்லரையும் ஒரே பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். கொக்கியின் இழுப்பு இப்போது உள் விவகாரம், கணக்கில் வராது. வெளியிலிருந்து வருவது 6000 முன்னோக்கி, 1000 பின்னோக்கி. தொகுபயன், அதாவது கூட்டிக் கழித்து மிஞ்சும் விசை, 5000. மொத்த நிறையும் 5000. முடுக்கம் 1 மீ/வி². இனி டிரெய்லரை மட்டும் தனியாக வரையுங்கள். கொக்கி முன்னோக்கி T என்ற விசையோடு இழுக்கிறது, தடை 1000 பின்னோக்கி. T − 1000 = 3000 × 1. ஆக T = 4000 நியூட்டன். சரிபார்க்க டிராக்டரை மட்டும் வரையுங்கள்: தரை 6000 முன்னோக்கி, டிரெய்லர் கொக்கி வழியாகப் பின்னோக்கி 4000. மீதி 2000; 2000 கிலோவுக்கு 1 மீ/வி². பொருந்துகிறது. டிராக்டர் டிரெய்லரை இழுப்பது 4000, டிரெய்லர் டிராக்டரை இழுப்பதும் 4000, ஆனால் இரண்டும் முடுக்கத்தோடு முன்னே போகின்றன. நீங்கள் கேட்ட தேர் கேள்விக்கு எண்ணில் பதில் இது.

இப்போது அதே வண்டியில் டிராக்டருக்கு மட்டும் பிரேக் போட்டு, 2 மீ/வி² எதிர்முடுக்கத்தில் நிறுத்துகிறோம். டிரெய்லரை மட்டும் வரையுங்கள். அது அந்த வீதத்தில் நிற்க 3000 × 2 = 6000 நியூட்டன் பின்னோக்கி வேண்டும். தரையின் தடை 1000-தான் தருகிறது. மீதி 5000-ஐக் கொக்கிதான் பின்னோக்கித் தள்ளித் தர வேண்டும். பெயரை இடம் மாற்றினால், டிரெய்லர் டிராக்டரை முன்னோக்கி 5000 நியூட்டனால் தள்ளுகிறது. கரும்பு லோடோடு இறக்கத்தில் வரும் டிராக்டர் ஓட்டுநர்கள் சட்டென்று பிரேக் மிதிக்கப் பயப்படுவது இந்த 5000-க்குத்தான். கொக்கி கொஞ்சம் கோணலாக இருந்தால் அந்தத் தள்ளு டிராக்டரின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். எதிர்முடுக்கத்தை 3 ஆக்கி நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். 8000 வர வேண்டும்.